பின்னால் ஆள் நின்றால் ஆகாத மாப்பிள்ளை

எங்கள் பெரியக்காவின் இரண்டாவது மகளைக் கட்டியவன் சலூன்காரன். தொழிலில் குறை சொல்ல முடியாது. அவன் அப்பனுக்கும் பெரியப்பனுக்கும் அப்படித்தான், கத்தி பட்டதே தெரியாது. குணத்தில் மட்டும் அவர்கள் யாரைப் போலவும் இவன் இல்லை.

செல்போனில் அந்தச் சுடுகிற கேம் வந்ததிலிருந்து பிடித்தது சனி. கடையில் ஆள் இல்லாவிட்டால் நாற்காலியில் சாய்ந்து யாரையாவது சுடுவான், வாயில் கெட்ட வார்த்தை. அதில் எதிரி முதுகுப் பக்கமாக வந்துதான் சுடுவானாம். அதனால் வீட்டிலும் பின்னால் யார் வந்தாலும் துள்ளித் திரும்புவான். ஒருநாள் அக்கா மகள் துணி எடுக்கப் பின்னால் போக, முழங்கையால் இடித்து அவள் உதட்டைக் கிழித்துவிட்டான்.

"சத்தமில்லாம ஏன் வர்ற?" என்று அவளையே கேட்டான்.

"சொந்த வீட்டுல ஹாரன் அடிச்சுக்கிட்டா நடக்கணும்?" என்றவள், பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கூப்பிட வந்தவனை அவள் அப்பா, எங்கள் அத்தான், உட்காரச் சொல்லவில்லை. அவனையும் மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அவன் கடைக்குப் போனார்.

"எனக்குச் சவரம் பண்ணுங்க மாப்பிள்ளை. இவ உங்க பின்னாடி நிப்பா. திரும்பாம முடிச்சா, இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"கேம் ஆடினா பைத்தியமா மாமா? ஊரே ஆடுது."

"ஊரு என் பொண்ணைக் கட்டலையே."

ஒரு கன்னம் வெண்ணெயாக முடிந்தது. கண்ணாடியில் அவள் தெரிந்தாள், அதனால் அதுவரை சரி. தாடைக்குக் கீழே வழிக்கக் குனிந்தால் கண்ணாடி மறைந்துவிடும். குனிவான், உடனே நிமிர்ந்து பார்ப்பான், மறுபடி குனிவான். நெற்றியில் வியர்வை.

"கொஞ்சம் தள்ளி நில்லு."

அவள் நகரவில்லை.

"தள்ளுன்னு சொன்னேன்ல" என்று விருட்டென்று திரும்பினான். கத்தி அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"கத்தியைக் கீழ வைங்க" என்றாள் அவள், மெதுவாக.

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றான். கத்தி அப்படியே இருந்தது.

அத்தான் எழுந்து நுரையைத் துடைத்தார். ஒரு கன்னம் மழுமழு, மறுகன்னம் முள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவாகவே நடந்தார். இது யார் செய்த சவரம் என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்க மாப்பிள்ளை செஞ்சதுங்க" என்றார்.