அப்படி ஒரு பெண் இல்லை

செகந்திராபாத்தை ஒட்டிய அமீர்பேட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த மாணவர் நன்றாக எழுதினாலும் அந்தத் தாளை அவர் படத்தோடு சேர்த்து இன்ஸ்டிட்யூட்டின் முகநூல் பக்கத்தில் போட்டுவிடுவோம். தெருவில் இறங்கினால் தொங்குகிற ஃப்ளெக்ஸ் அத்தனையிலும் மாணவர் முகங்கள்தான். பத்து வருடமாக நானும் இதைச் செய்து வந்தேன். ஒருவரிடமும் அனுமதி கேட்டதில்லை. படம் வந்தால் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்பார்களே தவிர, வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்?

அந்த வருடம் வியட்நாமிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஏதோ ஓர் அரசு நிறுவனத்தில் அலுவலக வேலை. இங்கே மூன்று மாத ஆங்கிலப் பயிற்சி. அவர்களுக்குத் தலைவராக ஓர் அதிகாரியும் கூடவே வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பாடத்தைக் கவனிக்க மாட்டார், யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இப்படி உட்கார்ந்திருப்பதற்குத் தூங்கவாவது செய்யலாமே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பேசச் சொன்னால் தலை குனிந்துகொள்வாள், எழுதச் சொன்னால் மளமளவென்று எழுதுவாள். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விண்ணப்பக் கடிதம் எழுதச் சொன்னேன். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், கற்பனையாகவும் இருக்கலாம் என்றேன். வழக்கமாகப் பாதிப் பேர் லீவ் லெட்டர்தான் எழுதுவார்கள். என் வகுப்பில் இதுவரை செத்துப்போன மாமாக்களை எண்ணி முடியாது. இவள் மட்டும் ஒரு சிறை அதிகாரிக்கு எழுதியிருந்தாள். என் அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும், நான் அனுப்பிய மருந்து திரும்பி வந்துவிட்டது, தயவுசெய்து அதை அனுமதியுங்கள். மொத்தமே ஐந்து வரி.

நான் அசந்துபோனேன். இந்த ஊமைக்கோட்டானுக்குள் இவ்வளவு கற்பனையா! என் வாய் சும்மா இருந்ததா? அவளை மேஜைக்குக் கூப்பிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் விவரம் போதாது. அம்மா எதற்காகச் சிறையில் இருக்கிறார்? எந்தச் சிறை? எத்தனை வருடம்? படிக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?" என்றேன்.

அவள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அதிகாரி அன்று வரவில்லை. போய் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊர் வயல்களைக் குடியிருப்புகள் கட்ட அரசு எடுத்துக்கொண்டது, ஊராருக்கெல்லாம் அம்மா மனு எழுதிக் கொடுத்தது, வரப்பில் நின்று பேசியதைப் படமெடுத்து இணையத்தில் போட்டது, அரசுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார் என்று எட்டு வருடத் தண்டனை விழுந்தது, எல்லாம் அதில் இருந்தது. மாவட்டம், சிறையின் பெயர் உட்பட. தாளைக் கையில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். "சிரி" என்றேன். சிரித்தாள்.

திங்கள்கிழமை நான் போவதற்கு முன்பே வகுப்பறை வாசலில் நின்றிருந்தாள். என்னிடம் தன் போனை நீட்டினாள். எங்கள் பக்கத்தில் அவள் படம், கீழே அவளுடைய கடிதம், மேலே எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் பெயர் பெரிய எழுத்தில்.

"மேடம், இது கற்பனை இல்லை."

அவள் விசும்பி விசும்பிச் சொன்னதைச் சேர்த்துப் புரிந்துகொள்ளவே நேரமானது. வேலைக்கான படிவத்தில் அம்மா விவசாயி என்று மட்டும் எழுதியிருக்கிறாள். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும். அதைவிடப் பெரிய பயம், மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க விடுகிறார்களே, அதை நிறுத்திவிடுவார்கள் என்பது. வெளிநாட்டில் போய்ப் புகார் சொன்னவள் என்று ஆகிவிடுமாம்.

"பிறகு ஏன் எழுதினாய்?" என்று நான், நானேதான், அவளைக் கேட்டேன்.

"நீங்கள் மட்டும்தான் படிப்பீர்கள் என்று நினைத்தேன். இதற்கு முன் என்னிடம் யாரும் அம்மாவைப் பற்றிக் கேட்டதில்லை."

முதலாளியிடம் ஓடினேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிடச் சின்னவர். உடனே பதிவை எடுத்துவிட்டார். "கைக்கு இவ்ளோ டென்ஷன் அக்கா? டிலீட் பண்ணிட்டேன் பாருங்க. மூணு நாள்தான இருந்துச்சு. நாலஞ்சு பேரு ஷேர் பண்ணிருக்காங்க, அதுவும் நம்ம பசங்கதான். பயம் நக்கோ" என்றார். ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, இந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அப்படித்தான் வரும். அந்த நாலைந்து பேர் யார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அன்று மெட்ரோவில் யார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கடிதத்தைத்தான் படிக்கிறார்கள் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் எட்டி எட்டிப் பார்த்தேன். சைனிக்புரியில் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டேன். பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. மதுரைக்காரர், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்க நீ? வெளிநாட்டுக்காரவுக சகவாசம்னா நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்னு தெரியுமா தெரியாதா?"

"பாடந்தானே நடத்துனேன்."

"நடத்துன லட்சணம்தான் தெரியுதே. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா என்ன சொல்லுவ?" என்றவர், மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "அந்தப் புள்ள என்ன ஆகும்?" என்று கேட்டார்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் அதிகாரி ஆசிரியர் அறைக்குள் வந்தார். பின்னால் அவள். முகத்தில் ஈயாடவில்லை. அவர் தன் போனை என் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் அழித்த பதிவு அதில் அப்படியே இருந்தது. யாரோ படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இது உண்மையா?" என்று கேட்டார். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத மனிதர், தெளிவான ஆங்கிலத்தில்.

அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். டிக்டேஷன்."

"சிறையின் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இணையத்தில் தேடினேன்."

"ஏன் எங்கள் நாடு?"

"மாணவர்கள் எந்த நாடோ, அந்த நாட்டை வைத்துத்தான் பயிற்சி தயாரிப்பேன்."

பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு திறமை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் நம்பினாரா, நம்பினால் தனக்கும் நல்லது என்று கணக்குப் போட்டாரா, சொல்ல முடியவில்லை. அவர் அழைத்து வந்த பெண்ணல்லவா, அவள் மாட்டினால் அவரிடமும் கேள்வி வரும். எழுதிக் கொடுங்கள் என்றார். இன்ஸ்டிட்யூட் தாளில் எழுதினேன். கடிதத்தை உருவாக்கியது நான். மாணவிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதில் வருகிற தாய் என் கற்பனை, அப்படி ஒரு பெண் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். பிறகு தாளை அவளிடம் கொடுத்து, "சத்தமாகப் படி" என்றார்.

அவள் படித்தாள். வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவது அவர்கள் எல்லோருக்கும் உள்ள சிக்கல், வாரக்கணக்கில் தொண்டை வற்றத் திருத்தியிருந்தேன். அன்று ஓர் எழுத்தைக்கூட அவள் விழுங்கவில்லை. "அப்படி ஒரு பெண் இல்லை" என்பதை என் முகத்தைப் பார்த்துப் படித்து முடித்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட அதிகாரி, போகிற போக்கில், "உங்கள் கணவர் எங்கே வேலை செய்கிறார்?" என்றார். சும்மா கேட்டாரோ என்னவோ. "பேங்கில்" என்றேன்.

அவர் இறங்கிப் போனதும் அவளை மாடிப்படியில் பிடித்து, என்னை மன்னித்துவிடு என்றேன். கை கூப்பிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"அம்மாவிடமும் இப்படி ஒரு தாளைத்தான் நீட்டினார்கள், மேடம். நிலத்தை விரும்பித்தான் கொடுத்தேன் என்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று தடவை நீட்டினார்கள். அம்மா போடவில்லை."

"அவருக்குப் பயமே இல்லையா?"

"இருந்தது. கை நடுங்கியதாம். எங்கே போட்டுவிடுவோமோ என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாராம்." இரண்டு படி இறங்கித் திரும்பி, "இன்றைக்கு நடந்ததை நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன்" என்றாள்.

பயிற்சி முடிந்து பன்னிரண்டு பேரும் ஊருக்குப் போனார்கள். அவளுடைய எண் இன்னும் என் போனில் இருக்கிறது. அவள் போனை யார் பார்ப்பார்களோ என்று பயந்து ஒரு வணக்கம்கூட அனுப்பியதில்லை. அவளும் அனுப்பவில்லை. மாதச் சந்திப்பு தொடர்கிறதா, கண் மருந்து உள்ளே போனதா, எதுவும் தெரியாது. என்றைக்காவது துணிந்து எழுதினால் உன் அம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அப்படி ஒரு பெண் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். நான் எப்படிக் கேட்பேன்?