மகள் தின்ற சாம்பல்

ஈயம் உருக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒரு காலம் என்றால் வெகு காலம் இல்லை, சென்ற வருஷம் வரைக்கும். வடமதுரையில் திருச்சி ரோட்டோரம் டயர் கடை வைத்திருக்கிறேன். கார்களுக்கு வீல் பேலன்ஸ் பார்க்கும்போது பழைய சக்கரத்திலிருந்து கழற்றுகிற சின்னச் சின்ன ஈயத்துண்டுகள் ஒரு டப்பாவில் சேர்ந்துகொண்டே இருக்கும். டப்பா நிறைந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். எனக்கு வீச்சு வலைப் பைத்தியம். மழை பெய்து குளத்தில் தண்ணீர் நின்றால் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டில் பார்க்க முடியாது. வலையின் ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டைக் காசு கொடுத்து வாங்குகிறவனெல்லாம் ஒரு மீன்பிடிக்காரனா? நானே உருக்கி, நானே அச்சில் ஊற்றி, நானே கோத்தால்தான் எனக்குத் திருப்தி.

கவனமில்லாத ஆள் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது. முழுக்கைச் சட்டை, தடித்த ஜீன்ஸ், ஷூ, வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் அடுப்புப் பக்கமே போவேன். புகை முகத்தில் அடிக்காதபடி காற்று வருகிற பக்கம் பார்த்து உட்காருவேன். ஈயத்துண்டுகளை முதல் நாளே வெயிலில் காயப்போட்டுவிடுவேன். அச்சையும் கரண்டியையும் அனலில் காட்டாமல் தொடமாட்டேன். உருகின ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போனாலும் அது வெடித்துச் சிதறும். ஆரம்பத்தில் ஒருதரம் ஈரத்துண்டைப் போட்டு, முழங்கைக்குக் கீழே நாலு இடத்தில் சூடு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதிலிருந்து நான் ஈயம் வைத்தால் என் மனைவி துணி அலசக்கூடக் கொல்லைக்கு வரக்கூடாது.

"பெரிய அணுகுண்டு செய்யிறாரு, யாரும் வெளிய வந்துராதீக" என்று சமையலறையிலிருந்து நக்கலடிப்பாள். நான் கண்டுகொள்ளமாட்டேன். சுட்டுவிடும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஆபத்து.

அடுப்பு என்றேனே, அது கொல்லையில் செங்கல் வைத்து மண் பூசிய விறகு அடுப்பு. வாரநாளில் அதில் வெந்நீர் காயும். குளத்துக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை முதலில் என் ஈயச்சட்டி ஏறும், அது இறங்கியதும் மீன் குழம்பு ஏறும். உருகின ஈயத்தின் மேலே பால் ஆடை மாதிரி ஒரு கசடு படியும். சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைக் கரண்டியால் வழித்து அடுப்போரத்துச் சாம்பலிலேயே உதறிவிடுவேன். சாம்பலோடு சாம்பலாகப் போய்விடும். யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

சென்ற வருஷம் எங்கள் ஒரே மகளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சின்னாளப்பட்டியில் கொடுத்திருக்கிறோம், தறி வைத்திருக்கிற குடும்பம். அவள் வந்ததும் வீடு வீடாக இருந்தது, போங்கள். வளையல் சத்தம் எந்த அறையில் கேட்கிறதோ அந்த அறைக்கு ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு போய் நிற்பேன். கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே போன் போட்டு, "சாப்டியா தாயி?" என்பேன். "இப்பதானப்பா கேட்டீங்க" என்பாள்.

வந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் கைகழுவக் கொல்லைக்குப் போனேன். என் மகள் அடுப்புக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆறின சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் பூஸ்ட் பாட்டிலைத் திறந்துவைத்துக்கொண்டு தின்பாளே, அதே உட்காருகிற தினுசு, அதே திருட்டு முழி. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டோரமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"அம்மாட்ட சொல்லிராதீங்கப்பா. வையும். ஒரு வாய் திங்காட்டி எனக்கு நாக்கெல்லாம் நமநமங்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைத்தாச்சிப் பெண்கள் மண் தின்பதும் சாம்பல் தின்பதும் நம் பக்கத்தில் புதுசா என்ன? திருநீற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்ட பெண்களை நானே பார்த்திருக்கிறேன். என் மனைவி இவளைச் சுமந்தபோது பச்சரிசியாக மென்று தள்ளினாள். மகளுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்குத் தெரியாத ஒரு ரகசியம் கிடைத்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கரித்துண்டு பல்லில் மாட்டுகிறது என்று மறுநாள் அவள் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய வேட்டித் துணியைக் கிழித்து, அந்த அடுப்போரத்துச் சாம்பலை அள்ளி, மாவு சலிக்கிற மாதிரி நைசாகச் சலித்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். என் இரண்டு கையாலும் கொடுத்தேன். "இதுல சின்னக் கரிகூட இருக்காது, பாரு" என்று பெருமை வேறு. அவள் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "அம்புட்டு நல்லாருக்குப்பா" என்றாள். டப்பா தீரத் தீர நான் நிரப்பினேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல ஈயமும் உருக்கினேன். அன்றைக்கெல்லாம், "உள்ள இரு தாயி, வெளிய வராத, சிதறிரும்" என்று மகளைக் கதவுக்குள் வைத்துப் பூட்டாத குறை.

மூன்று வாரம் கழித்துத் திண்டுக்கல்லுக்கு மாதாந்திரச் செக்கப்புக்குப் போனோம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை என்றார் டாக்டரம்மா. "மண்ணு, சாம்பல், சாக்பீஸ்னு ஏதாவது சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டார். மகள் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் திங்கிற புள்ள இல்ல டாக்டர்" என்றாள் என் மனைவி. நான்தான் அசடு வழியச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"கொஞ்சூண்டு சாம்பல் திங்கிறாம்மா. வீட்டு அடுப்புச் சாம்பல்தான், சுத்தமானது."

"அந்த அடுப்புல என்ன எரிப்பீங்க? குப்பை, பிளாஸ்டிக் ஏதாவது?"

"சேச்சே. தென்னமட்ட, வேலிக்கருவ, அம்புட்டுத்தான். ஞாயித்துக்கிழம மட்டும் வலைக்கு ஈயம் உருக்குவேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். எத்தனை வருஷமாக உருக்குகிறேன், கசடை எங்கே போடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. கசடைச் சாம்பலில் உதறியவன் நான். அந்தச் சாம்பலைச் சலித்துக் கொடுத்தவனும் நான். ஈயம் உடம்புக்குள் போனால் தாயோடு நிற்காது, பிள்ளைக்கும் போகும், பிள்ளையின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

மகளுக்கும் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள், மகளின் ரத்தத்தில் இருக்கக்கூடாத அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று வந்தது. என் ரத்தத்தில் அதைவிடக் கூடுதல், என் மனைவிக்குக் கொஞ்சம். "மருந்தவிட முக்கியம், இனிமே ஒரு துளிகூட உள்ள போகக்கூடாது. அந்த வீட்ட விட்டு இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டரம்மா.

எந்த வீட்டை? தலைப்பிரசவத்துக்கென்று சீர் வைத்துக் கூட்டிவந்த தாய்வீட்டை. ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என் மனைவி வாயைத் திறந்தாள். "பெத்தவன் வீடு ஆகாதுன்னு புள்ளைய மாமியா வீட்டுக்குத் திருப்பி அனுப்புற ஒரே மனுசன் நீருதான்யா. வெந்துருமுன்னு பயந்தீரே, விசம்னு ஒரு நாள் யோசிச்சீரா?" நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர்களை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, பஸ் பிடித்துச் சின்னாளப்பட்டி போய் சம்பந்தியம்மாவிடம் நானே சொன்னேன். போனில் சொல்கிற விஷயமா அது? ஒன்றையும் மறைக்கவில்லை, வேட்டித் துணியில் சலித்ததைக்கூடச் சொன்னேன். அவர் தறியிலிருந்து எழுந்து வந்து, எனக்குத் தண்ணீர் கொடுத்து, கேட்டுக்கொண்டே இருந்தார். "நீங்க என்ன வேணும்னேயா செஞ்சீக? அவ எங்க வீட்டுப் புள்ளண்ணே. கூட்டியாங்க" என்றார். அந்த அம்மா முன்னால் நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அன்றைக்கே மகளைச் சின்னாளப்பட்டியில் விட்டுவிட்டு வந்து, டாக்டரம்மா சொன்னபடி வீட்டைச் சுத்தம் செய்தேன். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசு பறந்து எல்லா இடமும் ஏறிவிடும் என்று சொல்லியிருந்தார். முகத்தில் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் தரை, சுவர், ஜன்னல் கம்பி என்று அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். அடுப்பை நனைத்து இடித்தேன். அதைச் சுற்றி மேல்மண்ணை வெட்டி மூட்டை கட்டினேன். சட்டி, கரண்டி, அச்சு, மிச்ச ஈயம், மண் மூட்டை எல்லாவற்றையும், இந்த மாதிரிக் கழிவை முறையாக எடுத்துக்கொள்கிற இடம் எது என்று விசாரித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். டயர் கடையிலும் வேலைச் சட்டையை அங்கேயே கழற்றிவைத்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். வலையை ஒருவரிடமும் கொடுக்கவில்லை, மண்ணோடு அதுவும் மூட்டையில் போயிற்று.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைச்சல். குழந்தையின் ரத்தத்திலும் ஈயம் கொஞ்சம் இருந்தது. "இறங்கிரும். ஆனா தலை நிக்கிறது, குப்புற விழுறது, சத்தத்துக்குத் திரும்புறது, ஒவ்வொண்ணையும் கவனிச்சுக்கிட்டே வரணும்" என்றார்கள். கவனிக்கச் சொன்னது தாயிடம். எடுத்துக்கொண்டது நான்.

வாரம் தவறாமல் சின்னாளப்பட்டிக்குப் போனேன். மற்றவர்கள் குழந்தையைக் கொஞ்சுவார்கள், நான் பரீட்சை வைப்பேன். முகத்துக்கு நேரே சாவிக்கொத்தை ஆட்டி, கண் கூடவே போகிறதா என்று பார்ப்பேன். உள்ளங்கையில் விரலை வைத்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்று பார்ப்பேன். தலை எப்போது நின்றது, எப்போது குப்புற விழுந்தாள் என்று போனில் குறித்துவைத்தேன். எதிர்வீட்டுக் குழந்தை இவளுக்கு முந்திக் குப்புற விழுந்தது என்று கேள்விப்பட்ட வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பாப்பா குப்புற விழுந்த அன்றைக்குச் சம்பந்தியம்மா கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுத்தார். நான் தேதியைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

எட்டாம் மாசம் ஒரு நாள். பாப்பா பாயில் உட்கார்ந்து ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் ஒரு தம்ளரைக் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். திரும்பவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். சத்தம் கேட்டுச் சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பொழுதன்னைக்கும் தறிச் சத்தத்துல தூங்குற புள்ளண்ணே. உங்க தம்ளருக்கா திரும்பப் போகுது?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. கரண்டியோடு அப்படியே நின்றேன். பின்னால் என் மகள் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. தம்ளரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். அந்த ஆஸ்பத்திரி நாளுக்கு அப்புறம் அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

"அப்பா, இவ பொறந்ததுலருந்து நீங்க இவளச் சோதிச்சுத்தான் பாக்குறீங்க. ஒரு தடவகூடச் சும்மா தூக்கல."

"பயமா இருக்கு தாயி" என்றேன். "நான் குடுத்தது அது."

"நீங்க ஆசையாத்தான குடுத்தீங்க. நானும் ஆசையாத்தான தின்னேன். எனக்கும்தான் பயமா இருக்கு. அதுக்காக நான் தூக்காம இருக்கேனா? தூக்குங்கப்பா."

குனிந்து தூக்கினேன். பாப்பா என் முகத்தை முறைத்துப் பார்த்து, எச்சில் கையால் என் மீசையைப் பிடித்து இழுத்தாள். நல்ல வலி. என் பேத்தி இவ்வளவு கனமாக இருப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.