துணைவிளக்கை முதலில் ஊதிய அக்கா

இன்று காலை யாரைப் பார்த்தேன் தெரியுமா? எங்கள் தெருமுனைப் பிரார்த்தனை மண்டபத்தின் விளக்கு அக்காவை! வாசல் கரும்பலகையில் ‘நாற்பது ஆண்டுகளாக அணையாத ஒளி’ என்று இருக்கிறதே, அதில் பாதி இவர் தொலைத்த தூக்கம். பின்னறையில்தான் குடும்பம். நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து எண்ணெய் ஊற்ற வேண்டும்.

நான் அந்த விளக்கைச் சூரியன், நட்சத்திரம் என்று உற்சாகமாகப் புகழ ஆரம்பித்தேன். அக்கா கொட்டாவியை அடக்கினார். “சூரியனே சாயங்காலமானா கிளம்பிடுது தம்பி. எனக்குத்தான் லீவு இல்ல.”

பிறகு மெல்லச் சொன்னார். திரி மாற்றும்போது பெரிய விளக்கிலிருந்து ஒரு துணைவிளக்கை ஏற்றிக்கொள்வார்கள். புதுத்திரி அதிலிருந்து பற்றிய பிறகே அதை அணைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கண் சொருகியதில், புதுத்திரி பற்றுமுன்பே துணைவிளக்கை ஊதிவிட்டார். மிஞ்சியது புகைதான். தீக்குச்சி கிழித்து ஏற்றினார். யாரும் பார்க்கவில்லை.

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், எங்கள் ஆலைப் புகைபோக்கி உச்சியில் எப்போதும் எரியும் நெருப்பையே அவ்வப்போது அணைத்து ஏற்றுகிறோம், இதற்கா அழுகிறாய் என்றாராம். அக்கா போய்ச் சொன்னதும் மண்டபச் செயலாளரோ, வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அந்தப் பலகையை நம்பித்தானே உள்ளே வந்து வேண்டிக்கொள்கிறார்கள்? மூன்று நாளாக அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொல்லி முடித்ததும் எழுந்தார். ஈரத்துணியால் ‘நாற்பது ஆண்டுகளாக’ என்பதைத் துடைத்துவிட்டு, ‘செவ்வாய் முதல்’ என்று எழுதினார்.

அந்த நேரம் பார்த்துச் செயலாளர் வந்து சேர்ந்தார். பலகையைப் படித்ததும் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், தினமும் மகனுக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும் அம்மா ஒருவர் வந்து பலகை முன் நின்றார்.

“அணைஞ்சிடுச்சா?”

“ஆமாம்மா. என் தப்புதான்.”

அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். “இப்ப எரியுதுல்ல” என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

செயலாளர் தூக்கமில்லாமல் வீங்கிய அக்காவின் கண்களைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு விளக்கருகே உட்கார்ந்தார். “எண்ணெய் எப்ப ஊத்தணும்னு சொல்லிட்டு, போய்ப் படும்மா.”

அக்கா தூங்கப் போனதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. செயலாளரும் எத்தனை நாள் உட்காருவார்? அந்தப் பக்கம் போனால் ஒரு மணிநேரம் விளக்கருகே இருந்து கொடுங்கள். அக்கா தூங்கட்டும்.