கலஹாவில் கண்ட சிவப்பு வளையம்

தைப்பூசம் கழிந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை அதிகாலை, கலஹாவிலிருந்து தங்கச்சி அழைத்தாள். "அண்ணே, மாடு மறுபடி கத்துது" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

அது ஒரு கலப்பின ஜேர்சிப் பசு. தேயிலைத் தோட்டத்துச் சம்பளம் போக அவளுக்கென்று இருந்தது அதன் பால்தான். கடைசிக் கன்று போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியும் பசு சினை பிடிக்கவில்லை. இரண்டு முறை சினை ஊசி போட்டும் பலனில்லை. மூன்றாவது ஊசி தைப்பூசத்துக்கு மறுநாள் போட்டது. ஊசி போட்டு மூன்று வாரத்தில் பசு மறுபடி காளைக்குக் கத்தினால் அதுவும் வீண் என்றுதான் ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இந்த முறையும் தவறினால் பசுவைக் கடுகண்ணாவ ஊர் மாட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுவதாக மச்சான், அதாவது தங்கச்சியின் கணவர், முடிவு செய்திருந்தார். அந்த வியாபாரி வாங்குவது கறிக்கு.

நான் வசிக்கும் வத்தேகமயில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது மாட்டுக் கொட்டகையில் ஒரு பெண் மிருக வைத்தியர் நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் மேற்படிப்புப் படிப்பவர். ஊசி போட்டு மூன்று வாரமான பசுக்களைத் தோட்டந்தோட்டமாகத் தேடிப்போய் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். அன்று எங்கள் பசுவின் முறை.

"ஸ்கேன் எதுக்குங்க டொக்டரம்மா? இது கத்துறது டவுனுக்கே கேக்குது" என்றார் மச்சான். "இன்னொரு ஊசி போட முடியும்னா போட்டுருங்க. இல்லாட்டி மத்தியானம் லொறி வருது."

"ஓம் அண்ணை, கத்துதுதான். ஆனா சினையா இருக்கிற மாடும் சிலது கத்தும். அதுக்கு ஊசி போட்டா உள்ள இருக்கிற கருவை நாங்களே கலைச்சதாப் போயிடும். பாத்திட்டுச் சொல்லுறன்."

"சினையா இருந்தும் கத்துமா? எதுக்கு?" என்றார் மச்சான்.

"நீங்க எதுக்குக் கத்துறீங்க? அது மாதிரிதான்" என்றாள் தங்கச்சி, பசுவின் நெற்றியைத் தடவியபடியே.

வைத்தியர் சிரித்துக்கொண்டே தோள்வரை கையுறை மாட்டினார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் மேல் சின்னத் திரையை வைத்துவிட்டு, ஸ்கேன் முனையோடு கையைப் பசுவின் குதத்தினுள் செலுத்தினார். திரையில் சாம்பல் நிறம்தான் அலைந்தது. பிறகு ஒரு வட்டம் தெரிந்தது. இடது கையால் ஒரு பொத்தானை அழுத்தினார்.

வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு பற்றிக்கொண்டது. நடுநடுவே நீலம். பசுவின் இதயம் துடிக்குந்தோறும் கூடிக் குறைந்தது.

"சூலகத்துக்குள்ளதான் பாக்கிறம். நிறமெல்லாம் ரத்த ஓட்டம்" என்றார்.

எனக்குப் படிக்கும் பழக்கம் உண்டு. இரத்தம் உடலைச் சுற்றுவதை மனிதர் கண்டுகொண்ட கதையைக்கூட விரும்பிப் படித்திருக்கிறேன். ஆனால் அன்று வைத்தியரிடம் கேட்டது எதையும் அதற்குமுன் அறிந்ததில்லை. முட்டை வெளியேறியதும் சூலகத்தில் எஞ்சுகிற சிறு குழி, சில நாட்களில் தனக்கென இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொண்டு ஒரு சுரப்பியாகவே மாறிவிடுகிறதாம்; திரையில் தெரிந்த வட்டம் அதுதான். கருவைத் தாங்கக் கருப்பையைத் தயார் செய்யும் ஓமோன் என்கிற சுரப்புநீர் அங்கிருந்துதான் வருகிறது. கரு தங்கவில்லையென்றால், மூன்று வாரம் முடியுமுன் கருப்பை இன்னோர் ஓமோனை அனுப்பி அந்தச் சுரப்பியை மூடச் சொல்லும். இரத்தம் வடிந்துவிடும். அடுத்த முட்டை புறப்படும். கட்டியதையெல்லாம் பிரித்துவிட்டு, உடல் மறுபடி முதலிலிருந்து கட்டும்.

"அந்த ஓமோன் கருப்பையிலயிருந்து இதயத்துக்குப் போய்ச் சுத்தித்தானே சூலகத்துக்கு வரணும்?" என்று கேட்டேன்.

"சுத்தி வந்தா நுரையீரலிலயே பெரும்பாலும் அழிஞ்சுபோம். அதால ஒரு குறுக்கு வழி இருக்கு." கொட்டகையை ஒட்டி நின்ற பாக்கு மரத்தையும் அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியையும் தாடையால் காட்டினார். "அந்த மரம் கருப்பையிலயிருந்து ரத்தம் வாற நாளம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. கொடி, சூலகத்துக்கு ரத்தம் கொண்டுபோற நாடி. அப்பிடித்தான் ஒட்டிச் சுத்தியிருக்கும். நாளத்தில வாறது சுவரால கசிஞ்சு நாடிக்குள்ள போயிடும்."

நான் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ முறை அதன் நிழலில் நின்று தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

"அப்ப நம்ம மாடு?" என்றாள் தங்கச்சி.

"இண்டைக்கு இந்தச் சிவப்பு வடிஞ்சிருக்க வேணும். வடியேல்லை. மூடுற ஓமோனை விடாதே எண்டு ஆரோ கருப்பைக்குச் சொல்லியிருக்கினம்."

"யாரு?"

"கரு. இப்ப அது ஒரு மெல்லிசு நூல் மாதிரித்தான் இருக்கும்."

பசு இன்னொரு முறை கத்தியது.

"நிச்சயமாங்க?" என்றார் மச்சான்.

"சிவப்பு இல்லையெண்டால் சினை இல்லையெண்டு துணிஞ்சு சொல்லுவன். இருந்தால் சினையாத்தான் இருக்கும், ஆனா சத்தியம் பண்ண மாட்டன். பத்து நாள் பொறுங்கோ, இதயத் துடிப்பையே காட்டுறன்."

மத்தியானம் சொன்னபடியே லொறி வந்தது. வியாபாரி இறங்காமலேயே ஹோர்ன் அடித்தார். மச்சான் கொஞ்ச நேரம் பசுவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோட்டுக்கு இறங்கிப் போனார். "இன்னைக்கு இல்ல. உள்ள ஆள் இருக்குது போல" என்று அவர் சொன்னது மேலே எங்களுக்குக் கேட்டது. வியாபாரி ஏதோ சொல்லிச் சிரித்தார். லொறி பின்பக்கமாகவே வளைவு வரை போய்த் திரும்பியது.

பத்து நாள் கழித்து நானும் போயிருந்தேன். சாம்பல் திரையின் நடுவே கறுப்பாய்த் திரவம், அதற்குள் அவரை விதையளவில் ஒன்று. அதன் நடுவில் ஒரு புள்ளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டேயிருந்தது. மச்சான் கதிரையின் முன்னே குந்திவிட்டார்.

"இவனா அன்னைக்கே சொல்லியனுப்பினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம்" என்றார் வைத்தியர்.

"இவனா? நாக்குல நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் தங்கச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பால் குடுக்கிற கிடாரியா இருக்கட்டும்."