இரண்டு பக்கமும் ஓம் சொன்ன கதை

1. எங்கள் எழுதாத சட்டம்

இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் ‘ஓம், சரி’ என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் நானும் அப்படித்தான். எந்த வீட்டிலும் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

பலெர்மோவின் கடலோரப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஓர் இங்கிலாந்துத் தம்பதி வீட்டில் சமைக்கிறேன். பீட்டர் சின்யோரே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மார்கரெட் சின்யோரா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். இங்கே ஐயாவுக்குச் சின்யோரே, அம்மாவுக்குச் சின்யோரா. நல்ல மனிதர்கள். உக்ரைனில் சண்டை தொடங்கியதும் இந்த வீடும் இரண்டுபட்டது. டிவியில் லண்டன் செய்தி தொடங்கினால் நான் சமைத்துக்கொண்டிருக்கும் குசினியின் கதவைச் சாத்திவிடுவேன். அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள்.

முதலில் சின்யோரா வருவார். எங்கள் மூவருக்கும் இத்தாலி மொழி அரைகுறைதான், பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“உக்ரைன் எங்கட கூட்டாளி. ஆயுதம் குடுக்கிறதை இப்ப நிப்பாட்டினா நாளைக்கு ஆர் எங்களை நம்புவினம்? சரிதானே ஜெசிந்தா?”

“ஓம் சின்யோரா.”

வெங்காயம் வதங்குவதற்குள் சின்யோரே வந்து நிற்பார்.

“எங்கட ஊரிலை வயசு போனதுகள் வீட்டைச் சூடாக்கக் காசில்லாமல் குளிருக்கை கிடக்குதுகள். முதல்லை அதுகளைப் பாக்க வேண்டாமோ? முடிவில்லாத சண்டைக்கு எத்தினை காலம் அள்ளிக் குடுக்கிறது? சரிதானே?”

“ஓம் சின்யோரே.”

இரண்டு பேரும் சந்தோசமாகப் போவார்கள். கறியும் கருகாது.

2. கீழறை

பக்கத்துக் கடலுணவுக் கடையில் மீன் வெட்டுகிற ஈரா உக்ரைனிலிருந்து மகளோடு ஓடிவந்தவள். அவள் இருந்த அறையைச் சுற்றுலாக்காரருக்கு விடப்போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும். எங்கள் வீட்டின் கீழறை சும்மாதான் கிடந்தது. கொடுப்போம் என்றார் சின்யோரா. முடியாது என்றார் சின்யோரே.

“அந்தத் தாயிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா குடுத்தா, நீர் சொன்னதுதான் சரியெண்டு நான் ஒப்புக்கொண்ட மாதிரிப் போயிடும்.”

எழுபது வயது மனிதரின் பிடிவாதம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மறுநாள் மீன் வாங்கப் போனபோது ஈரா கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“அறை கிடைக்குமா ஜெசிந்தா?”

பழக்கதோசம். அவளுக்கும் ஓம் என்றேன். வீடு வரும் வழியெல்லாம் அந்த ஓமை எப்படித் திரும்ப எடுப்பதென்று யோசித்தேன்.

3. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

அந்த ஞாயிறு லண்டனிலிருந்து இரண்டு சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். சாளை மீன் போட்ட பாஸ்தா முடிந்து, சியாகுல்லி ஊர்த் தோடம்பழத்தை, அதுதான் சின்ன ஆரஞ்சை, மேசைக்குக் கொண்டுபோகிறேன். கணவன் மனைவி வாக்குவாதம் உச்சத்தில் நிற்கிறது.

“போருக்குள்ளை இருந்து வந்தவ ஜெசிந்தா. அவவே என்ரை பக்கம்தான்” என்றார் சின்யோரே.

“என்ன விசர்க் கதை! அவ என்ரை பக்கம்” என்றார் சின்யோரா.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். தோடம்பழத் தட்டோடு நான் நட்டுவைத்த கம்பமாக நின்றேன். வேலை போய்விடும் என்று பயம். ஆனால் ஈராவின் ஈரக் கை இன்னும் என் கையில் இருந்தது போலிருந்தது.

“ஆயுதம் குடுக்கிறதோ விடுறதோ எனக்குத் தெரியாது சின்யோரே. அதை உங்கட பாராளுமன்றம் பாக்கட்டும். நாங்கள் இடம்பெயர்ந்து ஓடேக்கை ஒரு ரீச்சர் தன்ரை அறையைத் தந்தவ. அவவுக்கும் எங்கட அப்பாவுக்கும் அரசியல் ஒத்தே வராது. ரேடியோச் செய்தி கேட்டா ரெண்டு பேருக்கும் சண்டைதான். அதுக்காக அவ எங்களை அறையை விட்டு எழும்பச் சொல்லேல்லை. ஈராவுக்கு இந்த மாசத்துக்குள்ளை அறை வேணும். உங்கட சண்டை அதுக்குள்ளை முடியாது.”

“அப்ப எனக்கு ஏன் ஓம் எண்டனீர்?” என்றார் சின்யோரே.

“எனக்கும் எல்லோ ஓம் எண்டனீர்!” என்றார் சின்யோரா.

“எனக்கு வேலை வேணும் எல்லோ.”

சிநேகிதர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். சண்டை தொடங்கிய பிறகு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

பிறகு சின்யோரே எழுந்து கீழே போனார். கொஞ்ச நேரம் குழாய் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“கீழறையிலை சுடுதண்ணி வருகுதில்லை. பிள்ளையோடை ஆக்கள் இருக்கிறதெண்டா அதை முதல்லை திருத்தோணும்.” மனைவியைப் பார்த்தார். “என்ரை அபிப்பிராயம் மாறேல்லை.”

“மாத்தச் சொல்லி ஆர் கேட்டது?” என்று சின்யோரா அவருக்கு ஒரு தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

குசினிக்குள் போய் அழுதேன். சந்தோசம்தான். வேலை போகவில்லை என்பதும் அதில் சேர்த்தி.

ஈராவும் மகளும் இப்போது கீழே இருக்கிறார்கள். சின்யோரே இன்னமும் ஆயுதம் போதும் என்றுதான் சொல்கிறார். ஈரா கேட்டால் அவளுக்கு முன்னாலும் சொல்கிறார். அவளும் விடாமல் பதில் கொடுக்கிறாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கறிக்கு உப்பு கூடிவிட்டது என்றால் ஓம் சொல்லுங்கள். இன்னொருவர் தலைக்கு மேல் கூரை பற்றிய பேச்சென்றால் உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இன்னும் குசினிக்கு வருகிறார்கள். “சரிதானே ஜெசிந்தா?” என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். “நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்கிறார்கள். அதற்கு ஓம் என்று சொல்லித் தப்ப முடியாது. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.