தலைவலிக்கு அரை மாத்திரை

ஒரு சிறுமியின் தலைவலி தீர்ந்துவிடக் கூடாதென்று நான் விரும்பினேன். அவளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே விரும்பினேன்! இதைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கணவர் சுரங்கத்தில் பெர்மனன்ட். எங்களுக்கு மருத்துவம் இலவசம். இங்கே எந்தக் குவார்ட்டர்ஸுக்குள் போனாலும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பா நிறைய மாத்திரை இருக்கும். எங்கள் வீட்டில் பிள்ளையும் இல்லை. டப்பா சீக்கிரம் நிரம்பிவிடும். கொஞ்சத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பெற்றோரைக் கேட்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. நானோ சளி, காய்ச்சல் என்று யார் வந்தாலும் கொடுப்பேன். "மாத்திரை மிஸ் வந்தாச்சு" என்று சக ஆசிரியைகள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நிவேதா அப்போது ஏழாம் வகுப்பு. அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பண்ருட்டிச் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அவர்கள் ஊர். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும் என்று தினமும் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பாள்.

"தலை நோவுது மிஸ்."

அரை மாத்திரை கொடுப்பேன். என் பாட்டிலிலிருந்தே தண்ணீர் குடிப்பாள். பிறகு என் மேசையில் தலை சாய்த்துக்கொள்வாள். நான் நெற்றியைப் பிடித்துவிடுவேன். அந்தத் தேங்காய் எண்ணெய் மணம்... அந்த வெதுவெதுப்பு... மணி அடித்துவிடக் கூடாதே என்று மனம் கெஞ்சும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் "அம்மா" என்றாள். அன்று மாலை எப்படி ஸ்கூட்டர் ஓட்டி வீடு வந்தேன் என்பதே நினைவில்லை.

"வீட்ல சொல்லாத, என்ன? அம்மா பயந்துடுவாங்க" என்று சொல்லிவைத்தேன். யாருடைய பயம் அது? விதியை மீறியது தெரிந்துவிடும் என்ற பயம் கொஞ்சம். அவள் அம்மா வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவாள் என்பதுதான் மீதியெல்லாம்.

ஒரு நாள், "மணி என்னன்னு பாரு நிவி" என்றேன். எதிர்ச்சுவரில்தான் கடிகாரம். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து நடந்துபோய், கடிகாரத்துக்கு அடியில் நின்று பார்த்துச் சொன்னாள்.

நான் பத்து வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவள். கிட்டப்பார்வையைப் பலகையில் படம் வரைந்து நடத்துகிறவள். அந்தக் கணமே புரிந்துவிட்டது. இவளுக்கு வேண்டியது மாத்திரை இல்லை, ஒரு கண்ணாடி!

புரிந்தும் என்ன செய்தேன்? இழுப்பறையைத் திறந்து அரை மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடி போட்டால் தலைவலி போய்விடும். தலைவலி போய்விட்டால் அவள் எதற்கு என்னிடம் வருவாள்? நாளைக்குச் சொல்லலாம்... திங்கட்கிழமை சொல்லலாம்... அரையாண்டுத் தேர்வு முடியட்டும்... இப்படியே அந்த ஆண்டு ஓடியது. பலகை தெரியாமல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துத் தப்பும் தவறுமாக எழுதினாள். கணக்கில் முட்டை வாங்கினாள். கவனமில்லாத பெண் என்று திட்டு வேறு. திட்டு வாங்கிய நாட்களில் என்னருகே கூடுதல் நேரம் படுத்திருந்தாள். அதற்கும் மகிழ்ந்தேன், பாவி!

ஆண்டிறுதியில் டி.சி. வாங்க அவள் அப்பா வந்தார். ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார், சட்டையெல்லாம் கரித்தூள்.

"புள்ளைக்குப் படிப்பு ஏறலைங்க மிஸ். கஷ்டப்பட்டு அனுப்பிக்கினு இருந்தோம்... இனிமே நம்மூரு பள்ளிக்கூடத்துலயே சேத்துடுறேங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எப்போதிருந்து தெரியும் என்று அவர் கேட்டுவிட்டால்...? "நல்லா படிம்மா" என்று அவள் தலையைத் தடவி அனுப்பிவைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, போன பலாப்பழ சீசனில், பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் "மிஸ்!" என்று ஒரு குரல். தடித்த கண்ணாடி போட்ட இளம்பெண். நிவேதா!

"எங்கூரு ஸ்கூல்ல சேந்த கொஞ்ச நாள்லயே கண்ணு கேம்ப் போட்டாங்க மிஸ். கண்ணாடி குடுத்தாங்க, தலைவலி போன எடம் தெரியல. விட்ட கணக்கைத்தான் புடிக்க முடியல, பத்தாவதுல பெயிலாயிட்டேன். இப்ப முந்திரி கம்பெனில பருப்பு பிரிச்சிக்கினு இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க மாத்திரை குடுத்தத இன்னி வரைக்கும் வூட்ல சொல்லல மிஸ். சொல்லக் கூடாதுன்னீங்களே!"

இனிமேல் சொல்லலாம் நிவி, நானே வந்து சொல்கிறேன் என்றல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? எங்கள் இருவருக்கும் நடுவே மிஞ்சியிருந்தது அந்த ஒரு ரகசியம்தான். அதையும் விட்டுவிட மனம் வரவில்லை...

அவள் கன்னத்தைத் தொட்டு, "சமத்து" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. கையசைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். இன்னொரு முறை அவளைப் பார்க்க மாட்டோமா என்று இப்போதும் ஏங்குகிறேன். பார்த்தால் சொல்லிவிடுவேனா...? தெரியவில்லை.