சும்மா விட்ட பாத்திக்கு ஒரு பொன்னாடை

பாராட்டு விழா நடத்துகிறவனை யாரும் பாராட்டுவதில்லை. ஆபீசில் குப்பை கொட்டிய உங்களுக்கு இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தூத்துக்குடிப் பக்கம் ஒரு வன அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சொந்த நிலத்தில் பறவை, விலங்குகளைக் காப்பாற்றுகிறவர்களைக் கண்டுபிடித்து விருதுக்கு எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. அப்போது சலித்துக்கொண்டேன். இப்போது அந்த அலைச்சலுக்கு மனசு ஏங்குகிறது.

படிவத்தில் ஒரு கட்டம்

உப்பளம் வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னவர் வனக்காவலர் மரியதாஸ். நாலு பாத்தியில் அண்ணாச்சி உப்பு எடுப்பதில்லை, அந்த வரப்புகளில் உப்புக்கொத்திக் குருவிகள் முட்டையிடுகின்றன என்றார். படிவத்தோடு போனேன். 'பறவைகளுக்காக நீங்கள் செய்தவை' என்று ஒரு பெரிய கட்டம். மரம் நட்டீர்களா, வேலி போட்டீர்களா, போர்டாவது வைத்தீர்களா என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் செய்யலவே. சும்மா விட்டேன்னு எழுதும்."

திரும்பி வந்த கோப்பு

நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். சும்மா இருந்ததற்கு விருது என்றால் நம் ஆபீசிலேயே பலருக்குக் கொடுக்க வேண்டியிருக்குமே என்று மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். நியாயமான கேள்விதான்.

மறுபடியும் உப்பளத்துக்கு ஓடினேன். அண்ணாச்சி அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். ஒரு வருஷம் வரப்பைச் சரி செய்த ஆட்கள் தெரியாமல் முட்டைகள் மேல் சேற்றை அப்பிவிட்டார்களாம். தாய்க்குருவி இரண்டு நாள் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தியதாம். அதிலிருந்து அந்தப் பாத்திகளில் யாரையும் இறங்க விடுவதில்லை. விளைகிற பாத்தியைப் பாழாய்ப் போடுகிறாரே என்று மகனுக்குக் கோபம். "சும்மா விடுதது லேசுன்னு நெனைக்கீரோ? எம் மவன் எங்கிட்டப் பேசுததே இல்லவே."

சரவெடி

அதையும் எழுதி அனுப்பினேன். இந்த முறை விருது கிடைத்தது. விழாவை அளத்திலேயே வைத்தோம். பெரிய மனிதரைக் கௌரவிப்பதென்றால் நம்மூரில் வேட்டுப் போடாமல் முடியுமா? கொட்டுமேளத்தோடு பெரிய சரவெடி ஒன்றையும் நானே வாங்கி வந்தேன். அதிகாரிகளின் வண்டிகள் அளத்துக்குத் திரும்பும் முனையில் மரியதாஸ் தீப்பெட்டியோடு தயாராக நின்றார்.

அப்போது ஒருவர் ஓடி வந்து, கையை விரித்து மரியதாஸை மறித்தார். அண்ணாச்சியின் மகன். பின்னாலேயே அண்ணாச்சியும் வேகமாக வந்தார். "வேட்டுச் சத்தம் கேட்டா குருவியெல்லாம் முட்டைய விட்டுட்டுப் போயிரும். அப்புறம் எங்கப்பாவுக்கு என்ன இருக்கு?" என்றார் மகன். பறவையைக் காத்தவரைப் பாராட்டப் பறவையை விரட்ட ஏற்பாடு செய்திருக்கிறேன்!

மேளத்தையும் நிறுத்திவிட்டு, உப்பு லாரிகள் போகிற மெயின் ரோட்டிலேயே பொன்னாடை போர்த்தினோம். ஐந்து நிமிஷத்தில் விழா முடிந்தது. அண்ணாச்சியின் கண் கலங்கியிருந்தது. விருது கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து வாழ்த்துச் சொன்னேன். அவர் என் காதருகில் குனிந்தார். "விருது கெடக்கட்டும்வே. எங்கப்பான்னு சொன்னானே, கேட்டீரா?"

அந்தச் சரவெடி இன்னும் என் பரணில்தான் கிடக்கிறது. என் இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அதைக் கொளுத்தாமல் சும்மா விட்டதுதான்.